808 என்றால் டிரம்மா, பேஸா?

ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி இது. கம்ப்யூட்டரில் பீட் போடப் பழகிக்கொண்டிருக்கிறாராம். இறக்குகிற சாம்பிள் பேக் (பதிவு செய்த சத்தங்களின் தொகுப்பு) ஒவ்வொன்றிலும் ‘808’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, திறந்தால் உள்ளே இருப்பது பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கீழ் ஸ்வரங்கள். ஆனால் இணையத்தில் தேடினால், 808 என்பது விற்காமல் போன ஒரு பழைய ஜப்பான் டிரம் மெஷின் (டிரம்ஸ் தாளம் வாசிக்கும் மின்பெட்டி) என்றும், கெட்டுப்போன டிரான்சிஸ்டர்களைப் போட்டதால்தான் அதற்கு அந்தச் சத்தம் வந்தது என்றும் வருகிறது. “இதில் எது உண்மை? விற்காத மெஷினுக்கு ஏன் இவ்வளவு பேர்? நல்ல 808 சத்தம் வேண்டுமென்றால் ஒரிஜினல் மெஷின் தேவையா?” என்று கேட்கிறார். பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும், உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: டிரம் மெஷினாகப் பிறந்த ஒன்று எப்படி பேஸாக மாறியது? அதைச் சொல்லிவிட்டால் மற்றவற்றுக்கும் பதில் வந்துவிடும்.

நான் சொல்வதில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதும் மிக்ஸிங்கும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. ஒரிஜினல் 808-ஐத் திறந்து வேலை பார்த்திருக்கிறேன், அதன் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மின் சத்தம்) சர்க்யூட்டைத் தனியாக பிரெட்போர்டு என்ற சோதனைப் பலகையில் கட்டியும் பார்த்திருக்கிறேன். ஆகவே சர்க்யூட் பற்றிச் சொல்வது கையால் தொட்டு அறிந்தது. நியூயார்க்கிலும் மயாமியிலும் நடந்ததெல்லாம் படித்தும், அங்கே இருந்தவர்களின் பேட்டிகளைக் கேட்டும் தெரிந்துகொண்டது. பல வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வது வேறு, சர்க்யூட் வரைபடம் வேறு. அந்த வித்தியாசத்தை முடிந்தவரை காட்டுகிறேன்.

முதலில் மெஷின். இகுதாரோ காகேஹாஷி என்பவர் 1972-இல் ஒசாகாவில் தொடங்கிய நிறுவனம் ரோலண்ட். அதற்கு முன்பு ஏஸ் டோன் என்ற பெயரில் ஆர்கன் வாசிப்பவர்களுக்கான தாளப்பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார். ஒரு பொத்தானை அமுக்கினால் ரும்பா, இன்னொன்றை அமுக்கினால் வால்ட்ஸ். அந்தத் தாளம் எப்படிப் போகும் என்பதைக் கம்பெனியே முடிவு செய்திருக்கும், வாங்கியவர் அதில் கைவைக்க முடியாது. 1978-இல் வந்த சிஆர்-78-இல்தான் ரோலண்ட் அந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டது, நாமாகத் தாளம் எழுதிச் சேமிக்கலாம் என்று வந்தது. 1980-இல் வந்த டிஆர்-808 அதை முழுதாகத் திறந்தது. கீழ்வரிசையில் 16 பொத்தான்கள். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று நான்கு நான்காக நிறம். ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) என்பது 16 கட்டம். கிக்கைத் தேர்ந்தெடுத்து 1, 5, 9, 13 ஆகிய பொத்தான்களை அமுக்கினால் நான்கு அடி விழும். ஸ்னேரை (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மை) தேர்ந்தெடுத்து 5, 13. அவ்வளவுதான், ஒரு பீட் ஓடத் தொடங்கிவிடும். குச்சி பிடிக்கத் தெரியாதவர்கூடத் தாளத்தைக் கண்ணால் பார்த்து எழுத முடிந்தது. எஃப்எல் ஸ்டூடியோ என்ற பீட் போடும் மென்பொருளைத் திறந்ததும் நீங்கள் பார்க்கும் அந்தக் கட்டவரிசை இருக்கிறதே, அது இதன் வாரிசுதான். மெஷின் போனாலும் அது கற்றுக்கொடுத்த எழுத்துமுறை போகவில்லை என்பதே 808-இன் செல்வாக்கில் பாதி. பீட் என்பதைக் கட்டங்களாக யோசிக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே இங்கிருந்துதான் போயிற்று.

இனி ‘விற்காமல் போன மெஷின்’ கதை. இது பாதி உண்மை. 808 விற்பனையில் இருந்தது 1980 முதல் 1983 வரை, மொத்தம் சுமார் 12,000 மெஷின்கள். அமெரிக்க விலை 1,195 டாலர். அதே 1980-இல் ரோஜர் லின் என்ற அமெரிக்கர் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது உண்மையான டிரம்ஸின் ஒலிப்பதிவு, சிப்பில் ஏற்றப்பட்டது. விலை ஐந்தாயிரம் டாலரை ஒட்டி, செய்யப்பட்டது ஐநூற்றுச் சொச்சம்தான். அதை யாரும் தோல்வி என்பதில்லை, ஏனென்றால் வாங்கியவர்கள் எல்லாம் பெரிய நட்சத்திரங்கள். அப்படிப் பார்த்தால் 12,000 விற்றதைத் தோல்வி என்பது எனக்குக் கொஞ்சம் ஓவராகத் தெரிகிறது. தோற்றது விற்பனையில் அல்ல, மதிப்பில். டெமோ போட டிரம்மர் கிடைக்காதவர்களுக்கு, டிரம்ஸுக்கு மாற்றாக விற்கப்பட்ட பெட்டி இது. அது டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவே இல்லை. லின்னின் மெஷினைக் கேட்ட காது 808-ஐக் கேட்டால் பொம்மை என்றுதான் சொல்லும். தொழில்முறை ஸ்டூடியோக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள், அவர்கள் நோக்கில் அது சரியும்கூட.

ஏன் டிரம்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்று கேட்டால்தான் விஷயத்துக்குள் போக முடியும். 808-இல் எந்த ஒலிப்பதிவும் கிடையாது. மெமரி அப்போது அநியாய விலை. அதனால் எல்லாச் சத்தத்தையும் டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ஆப்-ஆம்ப் ஆகியவற்றைக் கொண்டே உண்டாக்கினார்கள். கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மையத்தில் இருப்பது பிரிட்ஜ்டு-டி என்று சொல்லப்படும் ஒரு சின்ன வலையமைப்பு. சும்மா விட்டால் அது மௌனமாக இருக்கும். ஒரு மில்லிசெகண்ட் அளவுக்கு ஒரு மின்துடிப்பு அதைத் தட்டினால், கோயில் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்தது போல, தன்னுடைய சொந்த சுருதியில் அதிர்ந்து மெல்ல அடங்கும். அந்த சுருதி ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ். வெளியே வருவது கிட்டத்தட்டச் சுத்தமான சைன் அலை. நிஜ கிக் டிரம்மில் தோல், மரச்சட்டம், உள்ளிருக்கும் காற்று, அடிக்கும் கட்டை என்று எத்தனையோ அதிர்வுகள் கலந்து கிடக்கும். இங்கே அவை எதுவும் இல்லை, ஒரே ஒரு ஸ்வரம்தான் இருக்கிறது.

அந்தச் சர்க்யூட்டில் இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன, இரண்டும் முக்கியம். முதலாவது, தட்டிய முதல் சில மில்லிசெகண்டுகளுக்கு மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் குறுக்கே வந்து ரெசிஸ்டன்ஸைக் குறைக்கிறது. அதனால் அந்தக் கணத்தில் மட்டும் சுருதி மேலே ஏறிப் பிறகு சட்டென்று கீழே விழுகிறது. ‘டும்’ என்பதில் அந்த ‘ட்’ கேட்பது இதனால்தான். இரண்டாவது, டிகே என்ற திருகு. வெளியே வரும் சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே கொடுத்து அதிர்வை நீட்டுகிறது. குறைத்து வைத்தால் ‘டுப்’. கூட்டிக்கொண்டே போனால் ‘டூஊஊம்’ என்று அடுத்த அடி வரும் வரை முனகிக்கொண்டே இருக்கும். இந்தத் திருகைக் கடைசி வரை திருப்ப முடியாதபடி ரோலண்ட் செய்திருந்தால் நாம் இன்றைக்கு 808 பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது என் உறுதியான எண்ணம். டிரம்ஸ் மாதிரி ஒலிக்க வேண்டும் என்றால் அவ்வளவு நீளம் தேவையே இல்லை. எந்த டிரம்மரின் கிக்கும் அவ்வளவு நேரம் ஒலிக்காது. திருகு இருந்தது, எல்லை வரை போனது. அவ்வளவுதான்.

மற்றச் சத்தங்களும் இதே மாதிரி தந்திரங்கள்தான். ஹை-ஹாட், சிம்பல் என்ற உலோகத் தட்டுகள் இரண்டுக்கும் ஒன்றோடொன்று சேராத சுருதிகளில் ஓடும் ஆறு ஸ்குயர் அலை ஆஸிலேட்டர்கள் (தொடர்ந்து அதிர்ந்துகொண்டே இருக்கும் சர்க்யூட்டுகள்). ஆறையும் கலந்து கீழ்ப்பகுதியை வடிகட்டிவிட்டால் உலோகச் சத்தம் மாதிரி ஒன்று மிஞ்சும். அதே ஆறில் இரண்டை மட்டும், சுமார் 540-உம் 800-உம் ஹெர்ட்ஸில் ஓடுபவற்றை, எடுத்துக்கொண்டால் கௌபெல். நிஜ மாட்டு மணிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனால் ஒரு தடவை கேட்டால் மறக்காது. கைத்தட்டல் என்பது இரைச்சலைச் சில மில்லிசெகண்ட் இடைவெளியில் மூன்று நான்கு தடவை வெட்டி வெட்டி விட்டு, கடைசியில் ஒரு வால் சேர்த்தது. பலர் கொஞ்சம் முன்பின்னாகத் தட்டுவது போல் கேட்கும். எனக்கு அந்த சர்க்யூட் மீது தனிப் பிரியம் உண்டு. நாற்பது வருடமாகப் பாட்டுகளில் தட்டிக்கொண்டிருக்கும் கைகளில் எத்தனையோ கைகள் இந்தச் சில ரூபாய் உதிரிபாகங்கள்தான்.

கெட்டுப்போன டிரான்சிஸ்டர் கதைக்கு இப்போது வரலாம். அடிப்படை உண்மை. அளவு மீறி இரைச்சல் போடுகிறது என்று ஒதுக்கப்பட்ட டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கிப் பயன்படுத்தியதாகக் காகேஹாஷியே 808 பற்றிய ஆவணப்படத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு தயாரிப்பு முறை முன்னேறி, அப்படிக் கெட்ட டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதால் உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று என்றும் சொல்கிறார். ஆனால் இணையத்தில் இதை மடைமாற்றி, ‘808-இன் மாயமே அந்தக் கெட்ட டிரான்சிஸ்டர்தான்’ என்று எழுதிவிடுகிறார்கள். வரைபடத்தைப் பார்த்தால் இது நிற்காது. அந்த இரைச்சல் போகும் இடம் ஸ்னேர், கைத்தட்டல், மரகாஸ், டாம்கள் என்ற நடுத்தர டிரம்களின் வால்பகுதி. ஹை-ஹாட்டும் சிம்பலும் ஆறு ஆஸிலேட்டர்களிலிருந்து வருபவை. உலகமே ‘808’ என்று சொல்லும் அந்த கிக்கில் இரைச்சல் ஒரு சொட்டுகூடக் கிடையாது. ஆக, உங்கள் சாம்பிள் ஃபோல்டரில் இருப்பதற்கும் கெட்ட டிரான்சிஸ்டருக்கும் சம்பந்தம் இல்லை. உற்பத்தி நின்றதற்கும் அது ஒன்றே காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1983-இல் ரோலண்டே டிஆர்-909-ஐக் கொண்டுவந்தது, அதில் சிம்பலும் ஹை-ஹாட்டும் டிஜிட்டல் ஒலிப்பதிவு. சந்தை போன திசை அது. டிரான்சிஸ்டர் தாராளமாகக் கிடைத்திருந்தாலும் 808 இன்னும் ரொம்ப நாள் தாங்கியிருக்காது.

யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. மார்வின் கேயின் ‘செக்ஷுவல் ஹீலிங்’தான் முதல் பாட்டு என்று பல இடங்களில் பார்ப்பீர்கள். அது 1982. ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா 1980 டிசம்பரிலேயே டோக்கியோ புடோகான் அரங்கில் 808-ஐ மேடையேற்றிவிட்டது, 1981-இல் வந்த அவர்களின் ஆல்பத்திலும் அது இருக்கிறது. அந்தக் குழுவில் யுகிஹிரோ தகாஹாஷி என்ற அருமையான டிரம்மர் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். டிரம்மர் இல்லாத குறைக்கு அவர்கள் அதை வாங்கவில்லை, அந்தச் சத்தம் பிடித்துத்தான் வாங்கினார்கள். ‘செக்ஷுவல் ஹீலிங்’ அமெரிக்காவில் பெரிய வெற்றி பெற்ற முதல் 808 பாட்டு என்று சொன்னால் சரி. பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் மார்வின் கே ஒதுங்கியிருந்த காலத்தில் உருவான பாட்டு அது. பெரிய வாத்தியக்குழு பக்கத்தில் இல்லாத ஒருவருக்கு இந்தப் பெட்டி எவ்வளவு தோதாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிக்கும் கைத்தட்டலும் அதில் மெதுவாக, கிசுகிசுப்பாக இருக்கும். 808 என்றாலே அதிர வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும்.

அதே 1982-இல் நியூயார்க்கில் ‘பிளானட் ராக்’. ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சோனிக் ஃபோர்ஸும் பாடியது, தயாரிப்பு ஆர்தர் பேக்கர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டையும் தாளத்தையும் எடுத்து 808-இல் மறுபடி கட்டினார்கள். அவர்களிடம் சொந்தமாக மெஷின் இல்லை. டிரம் மெஷின் வைத்திருப்பதாகப் பத்திரிகையில் வரிவிளம்பரம் கொடுத்திருந்த ஒருவரை 20 டாலருக்குக் கூப்பிட்டு, அவரை வைத்தே தாளத்தைப் போட்டதாகப் பேக்கர் சொல்லியிருக்கிறார். இது அவர் நினைவிலிருந்து சொல்வது; தொகையும் விவரமும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறக்கூடும். ஆனால் பாட்டில் கேட்பது 808 என்பதில் சந்தேகமே இல்லை. கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தாளம் விறைப்பாக இருக்கும். லின்னின் மெஷினில் ஸ்விங் வசதி இருந்தது, அடிகளைக் கொஞ்சம் தள்ளிவைத்து மனிதத் துள்ளலைக் கொண்டுவரலாம். 808-இல் அது கிடையாது. அந்த விறைப்பை மறைக்காமல் அதையே பாட்டின் குணமாக ஆக்கினார்கள். இதிலிருந்துதான் எலெக்ட்ரோ என்ற வகை கிளம்பியது. டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ், லாஸ் ஏஞ்சல்ஸில் ஈஜிப்ஷியன் லவர் என்று ஊர் ஊராகப் போயிற்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஒரு குழு தன் பெயரையே 808 ஸ்டேட் என்று வைத்துக்கொண்டது.

இங்கே ‘மெஷின் நின்றுபோய், அடகுக்கடைகளில் மலிவாகக் கிடைத்தது, அதனால்தான் ஏழை இளைஞர்கள் கையில் சேர்ந்தது’ என்ற கதையையும் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டும். 1983-க்குப் பிறகு பழைய மெஷின்கள் விலை இறங்கியது உண்மை, அது பலருக்கு வழி திறந்ததும் உண்மை. ஆனால் மேலே சொன்ன 1982 பாட்டுகள் எல்லாம் மெஷின் கடையில் புதிதாக விற்றுக்கொண்டிருந்தபோதே வந்தவை. மலிவானதால் பரவியது என்று சொல்லலாம். மலிவானதால் பிறந்தது என்று சொல்லக் கூடாது.

பேஸ் கதை இதற்கு அடுத்துத்தான் தொடங்குகிறது. 1980-களின் நடுவில் நியூயார்க்கில் ரிக் ரூபின் போன்ற தயாரிப்பாளர்கள் அந்த டிகே திருகை நீளமாக வைத்து, மற்ற வாத்தியங்களைக் குறைத்து, கிக்குக்கு இடம் விட்டார்கள். 808-இல் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித்தனி அவுட்புட் இருந்ததால் கிக்கை மட்டும் தனியாக மிக்ஸருக்குக் கொண்டுபோய் ஏற்றுவது சுலபம். பீஸ்டி பாய்ஸின் 1986 பாட்டு ஒன்றில் 808 தாளத்தை டேப்பில் திருப்பி ஓட்டியே பீட்டாக வைத்திருப்பார்கள். மயாமியில் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பாட்டு கேட்கும் இடம் கார். டிக்கி நிறைய ஸ்பீக்கர் பெட்டி. பாட்டின் தரத்தை அளப்பதே நம்பர் பிளேட் எவ்வளவு அதிர்கிறது என்பதை வைத்துத்தான். ஒரே ஸ்வரத்தில், 50 ஹெர்ட்ஸ் பக்கம், நீளமாக ஒலிக்கும் சைன் அலையை விடச் சப்வூஃபருக்கு உவப்பான தீனி வேறில்லை. பேஸ் கிட்டாரில் விரலின் உரசல், மேல் ஸ்வரங்கள் எல்லாம் சேர்ந்து வரும். இதில் அடிப்பகுதி மட்டுமே. மயாமி பேஸ் என்று அந்த வகைக்கே பெயர் வந்தது.

ஆனால் இந்தக் கட்டத்திலும் அது ஒரே ஸ்வரம்தான். பலருக்குத் தெரியாத விஷயம் இது: ஒரிஜினல் 808-இன் கிக்குக்கு சுருதி மாற்றும் திருகே கிடையாது. லெவல், டோன், டிகே, இந்த மூன்றுதான். டாம்களுக்கும் காங்காவுக்கும் டியூனிங் கொடுத்தவர்கள் கிக்குக்குக் கொடுக்கவில்லை. டோன் என்று எழுதியிருப்பதும் மேல்பகுதியைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர்தான். ஆகவே நீங்கள் இன்றைக்கு 808 என்று சொல்லி வாசிக்கும் பேஸ்லைனை அந்த மெஷினால் வாசிக்கவே முடியாது. அதைச் சாத்தியமாக்கியது சாம்ப்ளர். 1980-களின் பிற்பாதியில் ஆகாய், இ-மியூ நிறுவனங்களின் சாம்ப்ளர்கள் பரவியதும், 808 கிக்கின் ஒரே ஒரு அடியைப் பதிவு செய்து கீபோர்டு முழுக்கப் பரப்ப முடிந்தது. வேகமாக ஓட்டினால் மேல் ஸ்வரம், மெதுவாக ஓட்டினால் கீழ் ஸ்வரம். கிக் சத்தம் ஏற்கெனவே சுத்தமான ஒரு ஸ்வரமாக இருந்ததால்தான் இது வேலை செய்தது. லின் மெஷினின் கிக்கை இப்படிப் பரப்பினால் ‘டப் டிப் டுப்’ என்று மரத்தைத் தட்டுவது மாதிரிதான் இருக்கும், மெட்டு வராது. மிருதங்கத்தைச் சுருதி சேர்த்துக் கேட்டே பழகிய நமக்குத் தாளவாத்தியத்துக்கு ஸ்வரம் உண்டு என்பது அதிசயமில்லை. ஆனால் கிக் டிரம்மே கீழ்மெட்டையும் எடுத்துக்கொண்டு போவது ராக், பாப் உலகத்துக்குப் புதிது.

அங்கிருந்து அமெரிக்காவின் தென்பகுதி அதை வளர்த்தது. மெம்ஃபிஸ், ஹூஸ்டன், பிறகு அட்லாண்டா. 2000-களில் அட்லாண்டாவின் டிராப் என்ற ராப் வகையில் கிக்கும் பேஸும் ஒன்றேயாகிவிட்டன. பேஸ் கிட்டாருக்கு அங்கே வேலை இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, டிஸ்டார்ஷன் போட்டுக் கரகரப்பாக்குவது, இரண்டு மூன்று நொடி நீட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மேலே விரைந்து ஓடும் ஹை-ஹாட்டும் அதே பெட்டியின் சத்தம்தான். 2008-இல் கான்யே வெஸ்ட் ஒரு ஆல்பத்தின் தலைப்பிலேயே 808-ஐ வைத்தபோது அது பாமரருக்கும் தெரிந்த எண்ணாயிற்று. இப்போது தமிழ் சினிமாப் பாட்டிலும் தனியிசையிலும் ‘808 போடலாமா’ என்று கேட்டால் யாரும் டிரம் மெஷினை நினைப்பதில்லை. உங்கள் ஃபோல்டரில் இருப்பது இதுதான்: ஒரு டிரம் சத்தத்தின் பேரன், வேறு தொழிலுக்குப் போனவன்.

இன்னொரு எச்சரிக்கை. எண்பதுகளின் டிரம் மெஷின் சத்தம் எல்லாமே 808 இல்லை. நியூ ஆர்டரின் ‘ப்ளூ மண்டே’ ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ். பிரின்ஸின் ‘வென் டவ்ஸ் க்ரை’ லின் எல்எம்-1. ஃபில் காலின்ஸின் ‘இன் தி ஏர் டுநைட்’ ஆரம்பத்தில் கேட்பது சிஆர்-78. ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகளில் நெஞ்சில் இடிக்கும் கிக் பெரும்பாலும் 909. பட்டியல் போடுகிறவர்கள் இதையெல்லாம் 808 கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

நம் நாட்டோடு இதற்கு ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் என்பவர், 1982-இல் 808-ஐயும், டிபி-303 என்ற பேஸ் பெட்டியையும், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் ஆல்பம் போட்டார். அப்போது சீந்துவாரில்லை. 2010-இல் மறுபதிப்பு வந்ததும் ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்’ என்று கொண்டாடத் தொடங்கினார்கள். சிகாகோக்காரர்கள் சில வருடம் கழித்து அதே 303-ஐக் கொண்டு செய்ததோடு ஒற்றுமை ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் இவரைக் கேட்டு எடுத்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. ஒரே கருவி, இரண்டு ஊர், ஒரே மாதிரி விளைவு. கண்டுபிடித்தவர் பட்டம் இல்லாமலேயே கேட்க அருமையான ஆல்பம்.

கடைசியாக உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரிஜினல் மெஷின் வேண்டாம். பல லட்சம் ரூபாய் ஆகும், பழுதுபார்க்கும் தலைவலி தனி, நீங்கள் தேடும் பேஸ் அதில் வராது என்று மேலேயே சொன்னேன். அந்தக் கட்டப் பொத்தான்களைக் கையால் அமுக்கிப் பழக ஆசை இருந்தால் ரோலண்டின் டிஆர்-08 என்ற சிறிய பதிப்பும் பெரிங்கரின் ஆர்டி-8-உம் இருக்கின்றன. முதலாவது டிஜிட்டல், இரண்டாவது அனலாக். மிக்ஸில் போட்ட பிறகு எது எது என்று என்னால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரிஜினல்களே மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், உதிரிபாகங்களின் அளவு அப்படி.

இருக்கும் சாம்பிளையே சரியாகப் பயன்படுத்துங்கள். முதல் வேலை சுருதி. பேக்கில் ‘சி’ என்று போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். அடியின் முன்பகுதியில் சுருதி விழுந்துகொண்டே வருவதால் டியூனர் தடுமாறும். வால்பகுதியை மட்டும் எடுத்து, ஒன்றிரண்டு ஆக்டேவ் ஏற்றிக் கேட்டால் காதுக்கே தெரிந்துவிடும். அடுத்து, பாட்டின் சுருதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாலு கட்டையிலிருந்து ஆறு கட்டைக்குள் இருந்தால் பேஸின் ஆதார ஸ்வரம் 44-இலிருந்து 55 ஹெர்ட்ஸுக்குள் விழும், அதுதான் இந்தச் சத்தத்தின் சொந்த வீடு. ஒரு கட்டை என்றால் 33 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும் அல்லது 65-க்கு ஏற வேண்டும். முன்னது பெரும்பாலான ஸ்பீக்கரில் காணாமல் போகும், பின்னதில் கனம் குறையும். பாடகருக்குத் தொந்தரவில்லை என்றால் சுருதியை அரைக்கட்டை, ஒரு கட்டை நகர்த்திப் பார்ப்பதில் தப்பில்லை.

அப்புறம் ஃபோன் ஸ்பீக்கர். அதில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது, எவ்வளவு ஏற்றினாலும் வராது. ஏற்ற ஏற்ற மாஸ்டரில் (எல்லாம் கலந்த கடைசி வெளியீட்டில்) மற்றச் சத்தங்கள்தான் நசுங்கும். கொஞ்சம் சாச்சுரேஷன் (மென்மையான டிஸ்டார்ஷன்) போட்டால் 100, 150, 200 என்று மேல் ஸ்வரங்கள் பிறக்கும். ஃபோனில் அவை மட்டும் கேட்டாலும் காது அடியில் இருக்கும் 50-ஐத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். டிராப்காரர்கள் 808-ஐக் கரகரப்பாக்குவதற்கு ரசனை ஒரு காரணம், இது இன்னொரு காரணம். தனியாக ஒரு கிக்கும் வைக்கிறீர்கள் என்றால் அதன் வாலை நறுக்கிவிடுங்கள், இரண்டு வால் மோதினால் அடிப்பகுதி குழம்பும். ஒரு ஸ்வரம் தொடங்கும்போது முந்தைய ஸ்வரம் நின்றுவிடுகிற மாதிரி, எஃப்எல்லில் ‘கட் இட்செல்ஃப்’ என்று இருப்பதை, போட்டுக்கொள்ளுங்கள். மிக்ஸை முடிவு செய்வதற்கு முன் யாராவது நண்பரின் காரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். வீட்டு அறையில் 50 ஹெர்ட்ஸ் ஒரு மூலையில் காதைப் பிளக்கும், இன்னொரு மூலையில் இருக்கவே இருக்காது; அந்த அறையை நம்பி அளவு வைத்தால் பாட்டு வெளியே போனதும் வேறாக ஒலிக்கும்.